ஓசையில்லா அழுகை

பள்ளி வேலைகள் கழுத்தை நெரித்ததால் சில வாரங்களாக இப்பக்கம் எழுத்தின்றிக் கிடந்தது. இன்று எழுத வைத்தது ஒரு தொலைபேசி அழைப்பு.

கடந்த செவ்வாய்க்கிழமை இரவு பதினொரு மணிக்கு மேல், முன்பு என்னோடு ஒரே பள்ளியில் பணியாற்றிய இளம் ஆசிரியர் ஒருவர் அழைத்தார். எடுத்ததும் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "சார், பையன் பொறந்துட்டான். ஏழு மாசந்தான். வாயில குழாய் விட்டு மெஷின்ல வெச்சிருக்காங்க. நீங்க ரெண்டு பேரும் இத எப்படி சார் தாங்கினீங்க?" என்றார்.

தாங்கினோம் என்று யார் சொன்னார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. ஏதோ ஆறுதல் கூறிக் கைப்பேசியை வைத்துவிட்டேன். அதன் பின் உறக்கம் வரவில்லை. அவருக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் இதில் பயன் உண்டு என நம்புகிறேன்.

எங்கள் மகள் 2016ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் பிறந்தாள். பிறக்க வேண்டியதோ நவம்பர் மாதத் தொடக்கம். தாயின் வயிற்றில் இருபத்தெட்டு வாரம் மட்டுமே இருந்தவள். எடை 980 கிராம். பாகான் செராயில் நாங்கள் வழக்கமாகச் சீனி வாங்கும் ஒரு கிலோ பொட்டலத்தைவிடக் குறைவு.

அதற்கு முந்திய நாள் காலையில்தான் என் மனைவி வழக்கமான பரிசோதனைக்குக் கிளினிக் சென்றிருந்தார். முகமும் கைகளும் வீங்கியிருந்தன. இரத்த அழுத்தம் எல்லை மீறியிருந்தது. அங்கிருந்தே ஆம்புலன்சில் ஏற்றிப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள். நான் அப்போது ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் கட்டுரை நடத்திக்கொண்டிருந்தேன். யு.பி.எஸ்.ஆர். தேர்வுக்குச் சில வாரங்களே இருந்தன. (இன்றைய பெற்றோர்களுக்கு அந்தத் தேர்வின் சூடு தெரியாது, 2021இல் அதை நிறுத்திவிட்டார்கள். அக்காலத்தில் எத்தனை 'ஏ' என்பதே ஒரு பள்ளியின் மானம்.) வெண்கட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

குழந்தையின் நுரையீரல் விரைந்து முதிர்வதற்கென்று தாய்க்கு ஊசி போட்டார்கள். அறுவைக்கு முன் இரண்டாவது ஊசிக்கும் நேரம் கிடைத்தது. அதை இன்றும் பேறாகக் கருதுகிறேன். அந்த ஊசியின் கதையைப் பின்னர் படித்தறிந்தேன். நியூசிலாந்தில் லிக்கின்ஸ் என்னும் மருத்துவர் ஆடுகளை ஆராய்ந்தபோது, பிழைக்கவே கூடாத குறைமாதக் குட்டியொன்று மூச்சு விடுவதைக் கண்டு வியந்து, காரணத்தைத் தேடிச் சென்றிருக்கிறார். 1972இல் அவரும் ஹோவி என்பவரும் மனிதத் தாய்மார்களிடம் அம்மருந்து பயன்படுவதை வெளியிட்டார்கள்.

பிறந்த பின் இளம் பெண் மருத்துவர் ஒருவர் வந்து என்னை உட்கார வைத்துப் பேசினார். நுரையீரலில் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகள் உண்டு. அவை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க வழுவழுப்பான ஒரு பொருள் உட்புறம் பூசப்பட்டிருக்கும். குறைமாதக் குழந்தைக்கு அது போதிய அளவு ஊறியிருக்காது. ஒவ்வொரு முறை மூச்சு விடும்போதும் காற்றறைகள் நனைந்த நெகிழிப் பைகளைப்போல் ஒட்டிக்கொள்ளும். மறுபடியும் பிரித்துத் திறக்க வேண்டும். நமக்கெல்லாம் மூச்சு தானாக வருகிறது. அக்குழந்தைக்கோ ஒவ்வொரு மூச்சும் ஒரு கடுமையான வேலை. சில மணி நேரத்தில் களைத்துவிடும்.

"அந்த மருந்தைக் குழாய் வழியாக நுரையீரலுக்குள் செலுத்தப் போகிறோம்" என்ற அவர், சற்றுத் தயங்கி, "இது மாட்டின் நுரையீரலிலிருந்து எடுக்கப்படுவது. உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டார். ஆட்சேபம் சொல்லும் நிலையிலா இருந்தேன்? செலுத்துங்கள் என்றேன். மாட்டிறைச்சியை வாசற்படிக்கும் கொண்டுவர விடாத என் மாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் மறைத்து வைத்தேன். சொன்னபோது அவர் கண்ணை மூடிக்கொண்டு, "பசு பால் கொடுக்கும்னுதான் மாப்பிள்ள நெனச்சேன். மூச்சும் கொடுக்குது" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

நள்ளிரவில் மருத்துவமனை நடைவழியில் உட்கார்ந்து கைப்பேசியில் கண்டதையும் படித்தேன். அமெரிக்க அதிபர் கென்னடிக்கு 1963 ஆகஸ்டில் பேட்ரிக் என்றொரு மகன் ஐந்தரை வாரம் முன்கூட்டியே பிறந்திருக்கிறான். இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். இதே மூச்சு நோயால் முப்பத்தொன்பது மணி நேரத்தில் இறந்துபோனான். அந்தப் பொருள் இல்லாமைதான் காரணமென்று ஏவரி என்னும் பெண் மருத்துவர் 1959லேயே கண்டறிந்துவிட்டார். ஆனால் அதை வெளியிலிருந்து ஊட்டிக் குழந்தைகளைக் காப்பாற்ற முடியும் என்று ஜப்பானிய மருத்துவர் ஃபுஜிவாரா காட்டியது 1980இல்தான். உலகையே ஆட்டிவைத்த தகப்பனுக்குக் கிடைக்காத மருந்து, அவருடைய பிள்ளையில் பாதி எடையும் இல்லாத தமிழ்ப்பள்ளி வாத்தியார் மகளுக்கு அரசு மருத்துவமனையிலேயே கிடைத்தது. இதை நினைத்து நான் அழுதேன். அன்றுதான் முதன்முதலாக அழுதேன்.

அவளை முதலில் பார்த்ததைச் சொல்ல வேண்டும். இன்குபேட்டர் பெட்டிக்குள் படுத்திருந்தாள். தோல் சிவந்து, உள்ளே ஓடும் நரம்பு தெரிந்தது. வாயில் 2.5 மில்லிமீட்டர் குழாய். திடீரென்று முகம் சுருங்கியது; நெற்றி மடிந்தது; வாய் திறந்தது; கைகால்கள் உதறின. அழுகிறாள். ஆனால் ஒலி இல்லை. நான் பதறிப்போய்த் தாதியை அழைத்தேன். குழாய் குரல்நாண்களுக்கு இடையே செல்வதால் அழுகைக்கு ஒலி வராது என்று விளக்கினார்கள்.

எழுத்துகளின் பிறப்பைப் பல ஆண்டுகள் வகுப்பில் கற்பித்திருக்கிறேன். உந்தியிலிருந்து எழும் காற்று தொண்டையிலும் நாவிலும் இதழிலும் பட்டு எழுத்தாகிறது என்று தொல்காப்பியத்தின் பிறப்பியலைச் சுட்டிக் கரும்பலகையில் படம் வரைந்து காட்டியவன் நான். அந்தக் காற்றே இல்லாவிட்டால் ஒரு பிள்ளை 'அ' என்றுகூடச் சொல்ல முடியாது என்பதை அந்தப் பெட்டியின் முன்னால் நின்றபோதுதான் உணர்ந்தேன்.

பெட்டிக்கு மேலே ஒரு திரை. அதில் இதயத் துடிப்பு, இரத்தத்தில் உயிர்வளியின் அளவு எல்லாம் எண்களாக ஓடும். உயிர்வளி தொண்ணூறுக்கும் தொண்ணூற்றைந்துக்கும் இடையே இருக்க வேண்டும் என்றார்கள். குறைந்தாலும் ஆபத்து, மிகுந்தாலும் கண்ணின் விழித்திரைக்குக் கேடு. நான் எண்களைப் பிடித்துக்கொண்டேன். குறிப்பேடு ஒன்று வாங்கி, மணிக்கு மணி பதிந்தேன். 92, 89, 94, 86. மேல் மாடியில் படுத்திருந்த மனைவியிடம் போய்ப் புள்ளி விவரம் படிப்பேன். மூன்றாம் நாள் அவர் குறிப்பேட்டைப் பிடுங்கித் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டார். "ஏங்க, எனக்கு நம்பர் வேணாம். இன்னிக்கு அவ என்ன செஞ்சா? கண்ணத் தொறந்தாளா? அதச் சொல்லுங்க."

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு மணி நேரம் அங்கே நின்றிருந்தும் அவள் கண் திறந்ததைப் பார்க்கவில்லை.

மறுநாள் மூத்த மலாய்த் தாதி ஒருவரும் அதையே வேறுவிதமாகச் சொன்னார். நான் ஆசிரியர் என்று தெரிந்ததிலிருந்து என்னை 'சிகு' என்றே அழைப்பார். "சிகு, ஜாங்ஙான் தெங்கோக் மெசின். தெங்கோக் அனாக்." இயந்திரத்தைப் பார்க்காதீர்கள், பிள்ளையைப் பாருங்கள். இயந்திரத்தைப் பார்க்கத்தான் நாங்கள் இருக்கிறோமே என்று சிரித்தார். கையைக் கழுவ வைத்து, பெட்டியின் வட்டக் கதவு வழியே உள்ளே நீட்டச் சொன்னார். தடவக் கூடாது, அந்தத் தோலுக்குத் தடவல் எரிச்சல். ஒரு கை தலையில், ஒரு கை காலடியில், அசையாமல் வைக்க வேண்டும். வைத்தேன். உதறிக்கொண்டிருந்த கால்கள் என் உள்ளங்கையை உதைத்துப் பார்த்து, பிறகு மடங்கி அடங்கின. நான் அவளுக்குச் செய்த முதல் உருப்படியான காரியம் அதுதான்.

இரண்டாவது காரியம் பால் சுமந்தது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் எடுக்க வேண்டும், இரவும் பகலும். முதல் நாள் இரண்டு மில்லி. ஊசிக்குழாயின் அடியில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்தது. இதற்கா இவ்வளவு பாடு என்று என் மனைவி அழுதார். தாதியோ அதைத் தங்கத்தைப்போல் இரு கையால் வாங்கிக்கொண்டார். குறைமாதக் குழந்தையின் குடலுக்கு வரக்கூடிய கொடிய நோயைத் தடுப்பதில் தாய்ப்பாலுக்கு ஈடில்லை. மூக்கு வழிக் குழாயில் ஒரு மில்லி, ஒரு மில்லியாகக் கொடுத்தார்கள். மனைவி வீடு திரும்பிய பின், ஐஸ் பெட்டியில் பால் புட்டிகளை அடுக்கி, நெல்வயல்களுக்கு நடுவே தினமும் காரோட்டினேன்.

உறவினர் வருகையைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. "என்ன சாப்பிட்டா? அன்னாசி சாப்பிட்டாளா? தண்ணி வாளி தூக்கினாளா?" என்று கேட்டவர்கள் எல்லாரும் அன்புடையவர்களே. ஆனால் ஒவ்வொரு கேள்வியும் என் மனைவியின் நெஞ்சில் இறங்கியது. யாரும் எதையும் தின்று இரத்த அழுத்தத்தை வரவழைத்துக்கொள்ளவில்லை. மருத்துவர் அதை மூன்று முறை சொன்ன பிறகும், நள்ளிரவில் பால் எடுத்துக்கொண்டே, "நான் நெறைய நின்னுட்டேனோ?" என்று கேட்பார். இன்றும் எப்போதாவது கேட்கிறார்.

மாமியாருக்கு வேறு கவலை. பத்தியக் காலத்தில் வெளியே போனால் காற்று பட்டுவிடும். முப்பது நாள் கழியட்டும் என்றார். மனைவி கேட்கவில்லை. ஆறாம் நாள் காதில் பஞ்சு, தலையில் துண்டு, வயிற்றில் இறுகக் கட்டிய துணியோடு காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். மாமியார் சற்று நேரம் வாசலில் நின்று பார்த்தார். பிறகு உள்ளே போய், பூண்டும் மிளகும் போட்ட பத்தியக் குழம்பை அடுக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டு பின் இருக்கையில் ஏறினார். அன்று முதல் மருத்துவமனை நடைவழியிலேயே பத்தியம் நடந்தது.

அரசு ஊழியருக்குரிய ஏழு நாள் விடுப்பு முடிந்ததும் பள்ளிக்குத் திரும்பினேன். காலையில் வகுப்பு, மாலையில் சாலை. அந்நாள்களில் ஒரு வியாழக்கிழமை, பாசார் மாலாமில் புட்டு மாயாம் வாங்க நின்றேன். விற்றுக்கொண்டிருந்த அம்மாவை எனக்குத் தெரியும். 2011இல் அவர் மகன் என் நான்காம் ஆண்டு வகுப்பில் இருந்தான். கரும்பலகையில் உள்ளதைப் பார்த்தெழுத அவனுக்கு மற்றவர்களைவிட இரு மடங்கு நேரம் பிடிக்கும், சொன்னதை மறப்பான், கணக்கில் தடுமாறுவான். பெற்றோர் நாளன்று அந்த அம்மா தாழ்ந்த குரலில், "ஏழாம் மாசத்துல பொறந்தவன் சார். ரெண்டு மாசம் கண்ணாடிப் பெட்டியிலதான் இருந்தான்" என்றார். நான் அவனுடைய மதிப்பெண் பட்டியலைத் திருப்பிக் காட்டி, "அதெல்லாம் நடந்து பத்து வருசம் ஆச்சும்மா. வீட்டுல கொஞ்சம் படிக்க வைங்க" என்றேன். அறிக்கை அட்டையில் 'கவனக்குறைவு. முயற்சி தேவை' என்றும் எழுதினேன். மிகவும் முன்கூட்டிப் பிறந்த பிள்ளைகளில் சிலருக்குக் கவனத்திலும் கணக்கிலும் கைவேகத்திலும் கண்பார்வையிலும் இடர்ப்பாடு பள்ளிப் பருவம் வரை தொடரலாம் என்பது அன்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு கேள்விகூட நான் கேட்கவில்லை.

செய்தி அவருக்கு எட்டியிருந்தது. இலையில் தேங்காய்ப்பூவை அள்ளி வைத்துக்கொண்டே, "பாப்பா மெஷின்லயா, காத்துல மட்டுமா சார்?" என்று கேட்டார். அப்படிக் கேட்கத் தெரிந்தவர் எங்கள் ஊரில் வேறு யாருமில்லை. "மெஷின எடுத்ததுக்கப்பறம் சில நேரம் மூச்சு விட மறந்துரும் சார். மணி அடிக்கும். பயந்துராதீங்க. மிஸ்ஸி வந்து உள்ளங்கால லேசா தட்டுவாங்க, திரும்ப ஞாபகம் வந்துரும்." காசு வாங்கவில்லை. நான் அவரிடம் 2011ஐப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினேன். பின்னால் வரிசை நீண்டுவிட்டது. "பையன் இப்ப ஃபார்ம் திரீ சார், நல்லா இருக்கான்" என்று சொல்லி அடுத்தவரைப் பார்த்தார்.

ஒன்பதாம் நாளே குழாயை எடுத்திருந்தார்கள். சிபேப் என்னும் கருவிக்கு மாற்றினார்கள். மூக்கில் இரு சிறு குழல்கள், தலையில் தொப்பி, பக்கத்தில் குமிழியிடும் நீர்ப்புட்டி. நுரையீரல் முழுதும் சுருங்கிவிடாமல் காற்றின் அழுத்தம் தாங்கிப் பிடிக்கும். மூச்சை மட்டும் அவளே விட வேண்டும். அன்று மாலை அவள் அழுதாள். பூனைக்குட்டியின் முனகல்போல், கரகரத்த குரல். என் மனைவி பெட்டியின் மேல் கன்னத்தை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். பிள்ளை அழுவதைக் கேட்டுச் சிரிக்கும் தாயை அன்றுதான் பார்த்தேன். பாசார் மாலாம் அம்மா சொன்னதுபோல மூச்சு மறப்பதும் நடந்தது. மணி அடித்தது, உள்ளங்காலைத் தட்டினார்கள், நினைவு வந்தது. அதற்குக் கொடுத்த மருந்து காஃபீன், நாம் குடிக்கும் காப்பியில் உள்ளதேதான். ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது பலரும் நம்பவில்லை.

செப்டம்பர் தொடக்கத்தில் கிருமித் தொற்று வந்தது. மீண்டும் குழாய், மீண்டும் ஓசையில்லா அழுகை. அதே இரவில் பக்கத்துப் பெட்டி காலியானது. அந்தக் குழந்தையின் தந்தை மீன் வியாபாரி, மலாய்க்காரர். நடைவழியில் என்னோடு ரொட்டியைப் பகிர்ந்து உண்டவர். போகும்போது என் தோளைப் பிடித்து, "சிகு புன்யா மெஸ்தி பாலிக்" என்றார். உங்களுடையது வீடு திரும்ப வேண்டும். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. என்ன பதில் இருக்கிறது?

அன்றிரவு பெட்டிக்குள் கையை வைத்துக்கொண்டு நின்றேன். பேசுங்கள், குரலை அறிவாள் என்று தாதி சொன்னார். என் மனைவிக்குத் தாலாட்டு தெரியும். எனக்கு ஒன்றும் வரவில்லை. வாயில் வந்தது ஆறாம் ஆண்டு வருகைப் பதிவேடு. இருபத்து மூன்று பெயர்கள், அகர வரிசைப்படி. ஒவ்வொரு பெயராகச் சொன்னேன். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. எத்தனை முறை என்று எண்ணவில்லை. திரையையும் பார்க்கவில்லை. மூன்றாவதோ நான்காவதோ முறையில் அவள் விரல் என் சுண்டுவிரல் நுனியைப் பிடித்துக்கொண்டது. மறுநாள் மனைவியிடம் சொல்ல எனக்கு ஒரு செய்தி இருந்தது.

வகுப்பிலும் இதைச் சொன்னேன். எதற்கும் அடங்காத கடைசி வரிசைக்காரன் எழுந்து, "என் பேரையும் சொன்னீங்களா சார்?" என்று கேட்டான். சொன்னேன், தினமும் சொல்கிறேன் என்றேன். அவன் உட்கார்ந்துவிட்டான். அவ்வாண்டு எத்தனை 'ஏ' என்பது இப்போது எனக்கு நினைவில்லை. அந்த இருபத்து மூன்று பெயர்களும் நினைவிலிருக்கின்றன.

ஆறு நாள் கழித்துக் குழாய் மீண்டும் வெளியே வந்தது. பிறகு ஏற்றமாகவே இருந்தது. தாய் மார்போடு தோலுக்குத் தோல் அணைத்து வைக்கச் சொன்னார்கள். 1978இல் கொலம்பியாவின் பொகோத்தா நகரில், போதிய இன்குபேட்டர் இல்லாத மருத்துவமனையில் தொடங்கிய முறையாம் இது. மாமியாருக்கு இது விளங்கியது: "கோழி அடை காக்கிற மாதிரி." என் முறை வந்தபோது சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு நாற்காலியில் அசையாமல் ஒரு மணி நேரம் இருந்தேன். பள்ளியில் என்னை அறிந்தவர்கள் நம்ப மாட்டார்கள்.

அறுபத்தைந்தாம் நாள், அக்டோபர் 20, வீட்டுக்கு வந்தாள். எடை 1.96 கிலோ. ஒன்பது நாளில் தீபாவளி. பட்டாசுப் புகை வேண்டாம், கை கழுவாமல் தொட வேண்டாம், இருமல் உள்ளவர் வர வேண்டாம் என்று வாசலில் எழுதி ஒட்டினேன். சிலர் கோபித்துக்கொண்டு போனார்கள். இரண்டு குடும்பங்கள் வெகுநாள் பேசவில்லை. போகட்டும்.

நடக்கப் பதினேழு மாதம் ஆயிற்று. பிறந்த நாளிலிருந்து கணக்கிடாமல், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து கணக்கிடுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்ததால் நாங்கள் பதறவில்லை. ஐந்து வயதில் மூக்குக் கண்ணாடி. 2023இல் முதலாம் ஆண்டில் சேர்த்தபோது வகுப்பாசிரியையிடம் என் மனைவி, "ஏழாம் மாசத்துல பொறந்தவ டீச்சர்" என்றார். குரல் தானாகத் தாழ்ந்துவிட்டது. நான் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஆசிரியை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க, எத்தன வாரம்?" என்று கேட்டார்.

இதையெல்லாம் எழுதி முடிக்கும் வேளையில் அந்த இளம் ஆசிரியர் மறுபடியும் அழைத்தார். பையனுக்கு நான்காம் நாள். குழாய் இன்னும் இருக்கிறது. எண்கள் ஏறி இறங்குகின்றனவாம். வரிசையாகப் படித்துக் காட்டினார். கேட்டுக்கொண்டேன். பிறகு, "பேசச் சொல்றாங்க சார். என்ன பேசறதுன்னே தெரியல" என்றார்.

"இந்த வருசம் எந்த வகுப்பு உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"ரெண்டாம் ஆண்டு மல்லிகை சார்."

"எத்தன பேரு?"